ருக்மிணி தேவியும் எங்க வீட்டுத் தறியும்

இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்க. அம்மாகிட்ட கேட்டு பீரோவைத் திறந்து, வெள்ளைத் துணியில சுத்தி வெச்சிருக்கும் அவங்க கல்யாணப் பட்டை வெளியே எடுங்க. (கையைக் கழுவிட்டு எடுங்க. திட்டு விழுந்தா நான் பொறுப்பில்லை.) புடவையை உள்பக்கம் திருப்பி, உடலும் கரையும் சேருகிற இடத்தைப் பாருங்க. உடல் பச்சை, கரை அரக்கு என்று வைத்துக்கொள்வோம். பச்சை ஊடை நூல் கரைக்குள்ளயும் ஓடியிருந்தால் அது சாதாரண நெசவு. பச்சை நூல் கரையின் வாசல் வரைக்கும் வந்து, அங்கே அரக்கு நூலோடு ஒண்ணுக்கொண்ணு கோத்துக்கிட்டு அப்படியே திரும்பிப் போயிருந்தால் அதுதான் கோர்வை. வெட்டித் தைத்தது கிடையாது. நெய்யும்போதே ஒவ்வொரு இழையாகக் கோத்தது.

இதற்கு மூன்று நாடா வேணும். இடது கரைக்கு ஒண்ணு, உடலுக்கு ஒண்ணு, வலது கரைக்கு ஒண்ணு. மூணையும் ஒரே ஆள் வீசி மாளாது. அதனால் குழித்தறியில் நெசவாளர் உட்கார்ந்திருக்க, தறியின் ஒரு ஓரத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து அந்தப் பக்கக் கரையின் நாடாவை மட்டும் வீசுவார். மெக்கானிக்கல் பசங்க பாஷையில் சொன்னால், சென்சாரும் இல்லை, டைமரும் இல்லை, ரெண்டு மனுஷங்க ஆயிரக்கணக்கான தடவை ஒரே நொடியில் கை நீட்டணும். ஒருத்தர் தும்மினால் புடவையில் தெரியும்.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, என் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர். எங்க வீட்டு முன்கட்டில் நடுவுல குழி, குழிக்கு மேல தறி. தாத்தா அதில் உட்கார்ந்து ஐம்பது வருஷத்துக்கு மேல ஆகுது. காஞ்சிபுரத்துக் கடையிலிருந்து வரும் ஆர்டர் சீட்டில் நிறம், கட்டம், கரை எல்லாம் எழுதியிருக்கும். அதில் அடிக்கடி வரும் ஒரு வார்த்தை, கலாக்ஷேத்ரா பார்டர். சின்ன வயசில் நான் அதை ஒரு கலர் பேருன்னு நெனச்சேன். அப்புறம் ஏதோ கம்பெனி பேருன்னு நெனச்சேன். அது சென்னைத் திருவான்மியூரில் இருக்கிற ஒரு நடனப் பள்ளி என்று தெரிந்தது பிளஸ் டூ படிக்கும்போது. நடனப் பள்ளியின் பேர் எப்படிப் புடவைக் கரையில் வந்து உட்கார்ந்தது? இந்தக் கேள்விக்குப் பின்னால் போனபோது கிடைத்தவர்தான் ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியம்னா அவர் பேர் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். நான் சொல்லப் போறது அவருடைய தறியைப் பற்றி.

1904ஆம் வருஷம், பிப்ரவரி 29ஆம் தேதி, மதுரையில் பிறந்தார். நாலு வருஷத்துக்கு ஒருதரம் வரும் பிறந்தநாள். அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர், அதாவது நம்ம சிவில் டிபார்ட்மெண்ட். அம்மா சேஷம்மாள் சங்கீதத்தில் ஈடுபாடு உள்ளவர். அப்பா தியாசாபிகல் சொசைட்டியின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர், பணி ஓய்வுக்குப் பிறகு குடும்பத்தோடு அடையாறில், சொசைட்டிக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே அன்னி பெசண்ட் இருந்தார். அங்கேதான் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயக் கல்வியாளரை ருக்மிணி சந்தித்தார். 1920இல் இருவருக்கும் கல்யாணம். பொண்ணுக்குப் பதினாறு வயசு, மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்தக் காலத்து மதராஸ் கொந்தளித்தது. அவங்க கொந்தளித்தது சாதிக்காகவும் நிறத்துக்காகவும். இன்றைக்கு நமக்கு நெருடுவது அந்த வயசு வித்தியாசம். ரெண்டையும் சொல்லிட்டுக் கடந்து போகிறேன்.

கணவரோடு உலகம் சுற்றினார். 1928இல் ரஷ்யப் பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா பம்பாயில் ஆடியதைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போன கப்பலில் இருவரும் ஒன்றாகவே பயணம் செய்தார்கள். பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டி என்பவரிடம் ருக்மிணி பாலே கற்றுக்கொள்ளத் தொடங்கினார். உன் நாட்டுக் கலை என்னவென்று போய்ப் பார் என்று பாவ்லோவாதான் திருப்பிவிட்டார் என்பார்கள். 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் ஆட்டம் பார்த்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 டிசம்பரில் அடையாறு ஆலமரத்தடியில் மேடையேறினார். அடுத்த மாசமே, 1936 ஜனவரி 6 அன்று, பின்னாளில் கலாக்ஷேத்ரா ஆன பள்ளியைத் தொடங்கிவிட்டார். இவ்வளவு பெரிய வாழ்க்கையை ஒரு பத்தியில் ஓட்டினதுக்கு மன்னிச்சிடுங்க. இனிமேல்தான் நம்ம விஷயம்.

ஆட்டம் வந்தாச்சு. உடுத்த என்ன? அன்றைக்கு மேடையில் இருந்த உடையும் அலங்காரமும் அவருக்குத் திருப்தியாக இல்லை. கோயில் சிற்பங்களைப் பார்த்தார், ஓர் இத்தாலியப் பெண்மணியின் தையல் உதவியோடு புதிய ஆடையை வடிவமைத்தார். விசிறி மடிப்பு உட்கார்ந்தால் விரியணும், எழுந்தால் மூடணும். இதுக்கு மெலிசான துணி சரிப்படாது. நல்ல கனமான பட்டு, அகலமான கரை, தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியும் நிற வித்தியாசம் எல்லாம் வேணும். அப்படிப்பட்ட புடவைதான் அன்றைய நகரத்துக் கடையில் பழசாகிக்கொண்டு இருந்தது. வசதியான வீடுகளில் வெளிநாட்டு ஷிஃபானும் ஜார்ஜெட்டும் நுழைந்துவிட்ட காலம் அது. இருக்கிறதை வாங்கிச் சமாளிக்காமல், 1937இல் அவரே ஒரு நெசவுக் கூடத்தைத் தொடங்கினார். நடனப் பள்ளி ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது என்பதைக் கவனிங்க.

அந்தத் தறிகளில் அவர் புதுசாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கோர்வை ஏற்கனவே இருந்தது. மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், அன்னம், யாளி, இருதலைப் பட்சி, தாழம்பூ ரேக்கு, கோபுரம் எல்லாமே காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள் கையில் தலைமுறையாக இருந்தவைதான். பழைய புடவைகளில் இருந்த கரைகளைத் திரும்ப எடுத்து, நிறங்களை அவர் கண்ணுக்குச் சேர்த்து, அளவை மாற்றி நெய்ய வைத்தார். உடம்பில் கட்டம், இரண்டு பக்கமும் அகலக் கரை, கரையின் நிறம் உடலோடு மோதும், ஆனால் சண்டை போடாது. எது கூட எது போகும் என்று தீர்மானிக்கிற கண், அதுதான் அவருடைய பங்கு. டிசைன் என்பதே பாதி நேரம் இந்தத் தேர்வுதான், இல்லையா? நம்ம கேட் லேப்ல ஆயிரம் கலர் இருக்கு, எதை எடுக்கிறதுன்னு தெரியாம எல்லாத்தையும் நீலத்தில் விட்டுட்டு வர்றோம்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பெரிசாகப் படுது. தறியை அவர் ஆடரங்கத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பாட்டு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம், நெசவு ஒரு பக்கம், எல்லாம் ஒரே வளாகம். பள்ளிக்கு உடை தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும், தறிக்கு வேலை வந்துகொண்டே இருக்கும். சபையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவர்கள் புடவையையும் பார்ப்பார்கள். விளம்பரச் செலவு இல்லை. ருக்மிணி தேவியே எங்கே போனாலும் கைத்தறிப் புடவைதான், அவர் கட்டினதைப் பார்த்து அதே மாதிரி வேணும்னு கேட்டு வந்தார்கள். கலாக்ஷேத்ரா புடவை என்ற பேர் இப்படித்தான் பரவியது. அந்தப் பேர் அடையாறிலிருந்து காஞ்சிபுரத்துக் கடைக்குப் போய், அங்கிருந்து சீட்டில் ஏறி, மாகறலில் எங்க தாத்தா மடிக்கு வந்து சேர்ந்தது.

இதே வேலையை இன்றைக்கு உலகத்தின் விலை உயர்ந்த பிராண்டுகள் செய்கின்றன, ஆனால் ரொம்ப லேட்டாக. பாரிஸின் ஷனேல், தனக்கு வேலை செய்து கொடுத்த கைவினைப் பட்டறைகள் மூடிப்போய்விடக் கூடாதுன்னு ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கியது. 1996இல் இறகு வேலை செய்யும் லெமாரியே, 2002இல் எம்பிராய்டரி செய்யும் லெசாஜ். 2021இல் அந்தப் பட்டறைகள் பலவற்றைப் பாரிஸில் ஒரே கட்டடத்தில் கொண்டுவந்து வைத்தது. டியோர் 2023 மார்ச் 30ஆம் தேதி மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் தன் உடைகளைக் காட்டியது, பின்னணியில் இருந்தது சாணக்கியா என்ற மும்பை எம்பிராய்டரி நிறுவனத்தின் கைவேலை. இன்னொரு பக்கம், 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்துப்போன பிறகு, மலிவான துணி எங்கிருந்து வருதுன்னு உலகம் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தது. அதற்குப் பிறகு நிலைத்தன்மை, கைவினை, மெதுவான ஃபேஷன் என்ற பேச்செல்லாம் சத்தமாகக் கேட்குது. அடையாறுக் கூடத்தில் 1937இல் இந்த வார்த்தைகள் எதுவும் இல்லை. பட்டறையைப் பக்கத்தில் வைப்பது, பழையதைக் கற்று அதிலிருந்து புதுசு செய்வது, முப்பது வருஷம் கட்டுற மாதிரித் துணி நெய்வது, இந்த மூணும் இருந்தன.

சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கெமிக்கல் நண்பர்கள் கோவிச்சுக்குவாங்க. 1856இல் பெர்கின் என்ற பதினெட்டு வயசுப் பையன் லண்டனில் செயற்கை ஊதாச் சாயத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்தான். 1869இல் மஞ்சிட்டி வேரின் சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. அதோடு நம்ம ஊர் சாயவேரும் அவுரி வயலும் படுத்துவிட்டன. 1978இல், எழுபத்து நாலு வயசில், கமலாதேவி சட்டோபாத்யாயா கொடுத்த ஊக்கத்தில், ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் கலம்காரிக்கு ஒரு கூடம் தொடங்கினார். கலம்காரித் துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்தால், அது கடுக்காயின் டானினோடு சேர்ந்து கறுப்பாகும். படிகாரம் போட்ட இடத்தில் சிவப்பு பிடிக்கும், போடாத இடத்தில் கழுவினால் போய்விடும். லேப் ரெக்கார்டில் எழுதலாம் போல இருக்கில்லையா? இயற்கைச் சாயம்னா எல்லாமே சுத்தம் என்று மட்டும் நினைக்காதீங்க. துணியை அலசி அலசி எடுக்க ஏகப்பட்ட தண்ணீர் வேணும். ஆனால் 2011இல் நொய்யலைக் காப்பாற்ற உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன மாதிரி ஒரு நிலைமை கடுக்காயால் வராது.

இதுவரை எல்லாம் புகழ்ச்சியாகவே போகுது. எனக்கே சந்தேகமா இருக்கு. ரெண்டு இடத்தில் நான் நின்னு யோசிச்சேன், நீங்களும் கொஞ்சம் நில்லுங்க.

முதல் விஷயம், பட்டு. ருக்மிணி தேவி 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார், 1956இல் மறுபடியும். விலங்குகளை வதைப்பதைத் தடுக்க அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் விளைவாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவர்தான் தலைவர். அந்தச் சட்டத்தில் விலங்கு என்பதற்குக் கொடுத்த விளக்கம் எவ்வளவு பெரிசு தெரியுமா? மனிதன் தவிர உயிருள்ள எதுவும் விலங்கு. அப்படிப் பார்த்தால் பட்டுப்புழுவும் அதில் அடக்கம். கூட்டுக்குள்ள புழு உயிரோடு இருக்கும்போதே கொதிநீரில் போட்டால்தான் இழை அறுபடாமல் ஒரே நீளமாக வரும். புழு தானாக வெளியே வந்தால் கூடு கிழிந்து, துண்டு துண்டான நூலைத்தான் நூற்க முடியும். ஒரு புடவைக்குப் பல ஆயிரம் கூடுகள் போகும். தெருநாய்க்கும் வண்டிமாட்டுக்கும் பேசினவர், சைவ உணவுக்காரர், பட்டுத் தறியையும் நடத்தினார். இதை நான் அவர் மேல குத்தமாகச் சொல்லவில்லை. எங்க வீட்டு அடுப்பு எரிஞ்சதே அந்தப் பட்டாலதான். புழுவைக் கொல்லாமல் பட்டு எடுக்கும் முறையை ஆந்திராவின் குசும ராஜையா பின்னாளில் பிரபலப்படுத்தினார். ஆனால் அந்த நூலுக்குப் பளபளப்பு குறைவு, விலை அதிகம். கனமான காஞ்சிபுரம் பாவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. நிலைத்தன்மைன்னு சீட்டு ஒட்டின எந்தப் பட்டுப் புடவையைப் பார்த்தாலும் இந்தப் புழு ஞாபகத்துக்கு வரட்டும், அவ்வளவுதான்.

ரெண்டாவது விஷயம்தான் என்னைத் தூங்க விடலை. சதிர் யாருடையது? கோயிலோடு வாழ்ந்த தேவதாசிக் குடும்பங்களுடையது, இசைவேளாளர் நட்டுவனார்களுடையது. 1947இல் மதராஸ் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே அந்த ஆட்டம் பிராமணக் குடும்பத்துப் பெண்களின் மேடைக்கு மாறத் தொடங்கியிருந்தது. அந்த மாற்றத்தின் முகம் ருக்மிணி தேவி. சிருங்காரத்தைக் குறைத்தார், பக்தியைக் கூட்டினார். பரம்பரையில் வந்த மாபெரும் கலைஞர் டி. பாலசரஸ்வதி அதை ஏற்கவில்லை. சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர், அதில் சுத்தம் செய்ய எந்த அழுக்கும் இல்லை என்பது அவருடைய நிலை. நான் பாலசரஸ்வதி பக்கம்தான். ஆனாலும் கலாக்ஷேத்ரா இல்லாவிட்டால் இத்தனை பேருக்கு அந்த ஆட்டம் போய்ச் சேர்ந்திருக்காது என்பதும் உண்மை. கலை பிழைத்தது, அதை வைத்திருந்தவர்களில் பல பேர் பிழைக்கவில்லை.

தறியைப் பார்க்கும்போதும் எனக்கு இதே கேள்விதான் வருது. டிசைன் பிழைத்தது. கரைக்கு ஒரு பேர் கிடைத்தது, அது ஒரு பள்ளியின் பேர். நெய்தவர் பேர் சீட்டில் எங்கே?

போன வருஷம் எங்க வீட்டில் நடந்ததைச் சொல்றேன். ஒரு பெரிய பிராண்டு, பேர் வேண்டாம், இடைத்தரகர் மூலமாக ஐந்து கோர்வைப் புடவை கேட்டது. கேமராவோடு ரெண்டு பேர் வந்தாங்க. தாத்தாவின் கையைப் படம் எடுத்தாங்க. கை மட்டும். முகம் ஃபிரேமுக்குள்ள வரலை. ஆயா காபி போட்டுக் கொடுத்தாங்க. கூலி எப்பவும் போல, அதே கூலி. மூணாவது புடவை நெய்யும்போது மீதி ரெண்டும் வேண்டாம்னு தகவல் வந்தது, சீசன் மாறிடுச்சாம். பாவு தறியில் ஏறியாச்சு, அதை எங்க கொண்டுபோய்க் கொடுக்கிறது? அப்புறம் நான் அவங்க வலைத்தளத்தில் அந்தப் புடவையைப் பார்த்தேன். விலை, தாத்தா வாங்கின கூலியைப் போல பல மடங்கு. பக்கத்தில் அந்தக் கைகள். கீழே நிலைத்தன்மை, பாரம்பரியம், ஆன்மா என்று ஒரு பத்தி. தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஆன்மா யாருதுன்னு கேட்டார்.

எங்க ஊர்க் கோயிலுக்கு ஒரு தலபுராணம் உண்டு. மாகறலில் தினமும் ஒரு கனி கொடுக்கும் பலாமரம் இருந்தது. சோழ மன்னன் அந்தப் பழத்தைத் தினமும் சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டான். ஊர்க்காரர்கள் முறை வைத்துச் சுமந்தார்கள். செய்யாற்றங்கரையிலிருந்து தில்லை வரைக்கும், கால்நடையாக. ஒரு பையனுடைய முறை வந்தது. அவன் மரத்தையே எரிச்சிட்டான். அப்புறம்தான் மன்னன் ஊர்ப்பக்கம் வருவதும், பொன் உடும்பைத் துரத்துவதும், அது புற்றுக்குள் நுழைவதும், சிவன் வெளிப்படுவதும். இன்றைக்கும் லிங்கம் உடும்பின் வால் மாதிரிதான் இருக்கு, பார்க்க வாங்க. சின்ன வயசில் எனக்கு உடும்பு மட்டும்தான் பிடிக்கும். இப்போ அந்தப் பையனைத்தான் அதிகமாக நினைச்சுக்கிறேன். நல்ல பழம்தான், சாமிக்குத்தான் போகுது, ஆனா சுமக்கிறவன்கிட்ட யாரும் கேட்கலையே.

ருக்மிணி தேவியை அந்த மன்னன் இடத்தில் வைக்க நான் தயாரில்லை. அவர் தறியை வீட்டுக்குள் வைத்தவர், நெசவாளியைக் கண்ணால் பார்த்தவர், சீசன் மாறிடுச்சுன்னு பாவை அறுக்கச் சொல்லாதவர். 1943இல் உ.வே. சாமிநாதையரின் ஏடுகளையும் நூல்களையும் காக்க ஒரு நூலகம் அமைத்தார், ஏன்னா அவை சிதறிப்போய்விடும் என்று தெரிந்தது. திருவான்மியூரில் வெறும் மணலாக இருந்த நிலத்தில் மரம் நட்டு வளர்த்து, 1962க்குள் பள்ளியை முழுசாக அங்கே கொண்டுபோனார். 1977இல் மொரார்ஜி தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிற்கக் கேட்டபோது மறுத்துவிட்டார். ராஷ்டிரபதி பவனைவிட மணல்மேட்டு மரத்தடி பெரிசுன்னு முடிவு பண்ணக்கூடிய ஆள். இன்றைய பிராண்டுகள் அவரிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கு. அவர் செய்யாமல் விட்டதையும் சேர்த்துக் கற்கணும் என்பதுதான் என் கட்சி.

1986 பிப்ரவரி 24 அன்று சென்னையில் காலமானார். எண்பத்திரண்டு நிறைய அஞ்சு நாள் பாக்கி, அந்த வருஷம் 29ஆம் தேதியும் கிடையாது. பிப்ரவரி 29 என்று காலண்டரில் வந்த பிறந்தநாளை அவர் மொத்தம் இருபது தடவைதான் பார்த்திருக்கார். 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கலாக்ஷேத்ரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் பின்னாளில் கிடைத்தது. அந்தக் குறியீடு ஊருக்குக் கிடைத்தது. ஆளுக்கு இல்லை.

சரி, எங்க தறிக்கு வர்றேன். முன்னாடி சொன்னேனே, கோர்வைக்கு ஓரத்தில் இன்னொரு ஆள் வேணும்னு. காஞ்சிபுரம் பக்கத்து நெசவு வீடுகளில் அந்த இடத்தில் பல காலமாக உட்கார்ந்தது சின்னப் பசங்க. விரல் சின்னது, கூலி அதைவிடச் சின்னது. எங்க வீட்டில் அந்த ஓரத்தில் உட்கார்ந்தது எங்க அப்பா. ஏழாம் வகுப்போட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. பத்து வருஷம் ஒரு பக்கக் கரையை மட்டும் போட்டார், உடல் நெய்யவே இல்லை. ஒருநாள் எழுந்து ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போயிட்டார். அவரும் மரத்தை எரிச்ச பையன்தான். அவர் எழுந்து போனதால்தான் நான் இந்தக் காலேஜில் உட்கார்ந்து அரியர் எண்ணிக்கிட்டு இருக்கேன்.

அந்த ஓரம் காலியா இருப்பதால் தாத்தா இப்போ கோர்வை இல்லாத புடவைதான் அதிகம் நெய்யறார். என் ஃபைனல் இயர் புராஜெக்ட் அந்தக் காலி இடம்தான். ஒரே ஆள் மூணு நாடாவையும் ஓட்டுற மாதிரி, குழித்தறிக்குப் பொருந்தும் ஒரு அமைப்பு. இதுக்கு ஏற்கனவே சில வழிகள் வந்திருக்கு, இல்லைன்னு சொல்லலை. எங்க தறியின் அளவுக்கு, எங்க வீட்டுக் காசுக்கு ஒண்ணு செய்யணும். முதல் மாடலில் நாடா பாதியில் மாட்டி ஏழு பாவு இழை அறுந்தது. தாத்தா ஒண்ணும் சொல்லாமல் உட்கார்ந்து முடிச்சுப் போட்டார்.

பொங்கல் லீவில் அவருக்கு ருக்மிணி தேவியின் படத்தை போனில் காட்டினேன். இவங்கதான் உங்க சீட்டில் வரும் பேருக்குச் சொந்தக்காரங்கன்னு சொல்லி, இவ்வளவு கதையும் சொன்னேன். மதுரை, கப்பல், ஆலமரம், நாடாளுமன்றம் எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தார். முகத்தைவிடக் கரையைத்தான் பார்த்தார். படத்தைப் பெரிசாக்கச் சொன்னார், இன்னும் பெரிசாக்கச் சொன்னார். சேர்ப்பு சுத்தமா இருக்குன்னார். அப்புறம் கேட்டார், ஓரத்தில் உட்கார்ந்து கரை போட்டது யாரு?

நான் போனை அணைச்சுட்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் உடலுக்கு வீசினார், நான் கரைக்கு வீசினேன். அரை மணி நேரத்தில் ரெண்டு அங்குலம் நெய்தோம். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு சேர்ப்பைப் பார்த்தார். அந்த ரெண்டு அங்குலத்தையும் பிரிக்கச் சொல்லிட்டார்.